ஆய்வு நெறி: மாணவருக்கு வகுப்பு எடுத்தால் போதுமா, நிறுவனம் மாற வேண்டுமா?

செம்பருத்தி எழுதியது:

வணக்கம். நான் உயிரியலில் பிஎச்.டி மூன்றாம் ஆண்டு. 2019 டிசம்பரில் யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) எல்லா பிஎச்.டி மாணவர்களுக்கும் கட்டாயமாக்கிய ஆய்வு, வெளியீட்டு நெறிப் பாடத்தை நானும் முடித்திருக்கிறேன். இரண்டு கிரெடிட், 30 மணி நேரம். இல்லாத தரவை உருவாக்குவது, இருக்கும் தரவைத் திரிப்பது, பிறர் எழுத்தைத் திருடுவது, போலி ஜர்னலைக் கண்டுபிடிப்பது என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். பாடத்தில் குறை இல்லை, நடத்தியவரும் அக்கறையோடு நடத்தினார்.

ஆனால் வகுப்பை விட்டு வெளியே வந்தால் ஆய்வகத்தில் எல்லாம் பழையபடிதான். ஆண்டுக் கடைசியில் கேட்பது எத்தனை பேப்பர், எந்த ஜர்னல் என்பது மட்டும். மூலத் தரவு எங்கே இருக்கிறது, அதே சோதனையை இன்னொருவர் செய்தால் அதே முடிவு வருமா, ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தவர்களுக்கு முடிவைச் சொன்னோமா என்று ஒருவரும் கேட்பதில்லை. நெறியை மாணவருக்குப் பாடமாக வைக்கிறோம். கைடுக்கும் நிர்வாகத்துக்கும் ஏன் வைப்பதில்லை?

ஐரோப்பிய ஒன்றியம் 2014 முதல் 2020 வரை நடத்திய ஹொரைசன் 2020 திட்டத்தில் ‘பொறுப்புள்ள ஆய்வும் புத்தாக்கமும்’ என்ற கருத்தை முன்வைத்துப் பணம் ஒதுக்கியிருக்கிறது. மக்களை ஈடுபடுத்துவது, ஆண் பெண் சமத்துவம், அறிவியல் கல்வி, எல்லோருக்கும் திறந்த வெளியீடு, நெறி, ஆளுகை என்று ஆறு அம்சங்கள். தனி ஆய்வாளரை மட்டும் திருத்தினால் போதாது, பல்கலைக்கழகங்களும் நிதி கொடுப்பவர்களும் தங்கள் விதிகளை மாற்ற வேண்டும் என்பது அதன் அடிப்படை. படிக்க நன்றாக இருக்கிறது. உண்மையில் எங்காவது ஒரு நிறுவனம் மாறியிருக்கிறதா? எது அதை மாற வைத்தது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வடதுருவம் எழுதியது:

நான் சுவீடனில் போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி முடித்துவிட்டு ஆய்வு செய்பவன். இந்தக் கேள்வியை இங்கே யாரிடம் கேட்டாலும் முதலில் கரோலின்ஸ்கா விவகாரத்தைத்தான் சொல்வார்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாவ்லோ மக்கியாரினி இத்தாலிய அறுவை மருத்துவர். 2010இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனம் அவரை வருகைப் பேராசிரியராக எடுத்தது. மருத்துவத்துக்கான நோபல் பரிசு யாருக்கு என்று முடிவு செய்யும் இடம் அது. அதை ஒட்டிய பல்கலைக்கழக மருத்துவமனையிலும் அவருக்கு வேலை. 2011 ஜூனில் பிளாஸ்டிக்கால் செய்த மூச்சுக்குழாயில் நோயாளியின் ஸ்டெம் செல்களை ஏற்றி, ஒரு மனிதருக்குள் பொருத்தினார். உலகமெங்கும் முதல் பக்கச் செய்தி. கரோலின்ஸ்காவில் மூன்று பேருக்கு அப்படிச் செய்தார். மூவரும் இறந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் பல ஆண்டுகள் மருத்துவமனையிலேயே கிடந்து, எண்ணற்ற அறுவைகளுக்கு ஆளாகி இறந்தார்.

விலங்குகளில் முறையான சோதனை நடக்கவில்லை. எத்திக்ஸ் கமிட்டி எனும் ஆய்வு நெறிக் குழுவிடம் அனுமதி வாங்கவில்லை. ‘இது ஆய்வு இல்லை, உயிரைக் காப்பாற்றச் செய்த அவசர சிகிச்சை’ என்று காரணம் சொன்னார்கள். ஆனால் அதே அறுவைகள் லான்செட் போன்ற ஜர்னல்களில் ஆய்வுக் கட்டுரைகளாக வந்தன. சிகிச்சை என்றால் எத்திக்ஸ் கமிட்டி பார்க்காது, ஆய்வு என்றால் மருத்துவமனை நிர்வாகம் பார்க்காது. நடுவில் மூன்று உயிர்கள்.

அதே மருத்துவமனையில் அந்த நோயாளிகளைக் கவனித்த நான்கு மருத்துவர்கள், கட்டுரைகளில் எழுதியிருப்பதும் மருத்துவப் பதிவேட்டில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடித்து 2014இல் புகார் கொடுத்தார்கள். நோயாளிகளின் பதிவேட்டைப் பார்த்தது தனியுரிமை மீறல் என்று காவல்துறைப் புகார் அவர்கள் மீதே திரும்பியது. உப்சாலா பேராசிரியர் பெங்ட் யெர்டின் வெளியாளாக வந்து விசாரித்து, 2015 மே மாதத்தில் ‘ஆய்வு மோசடி நடந்திருக்கிறது’ என்றார். ஆனால் அன்றைய சட்டப்படி கடைசி முடிவு துணைவேந்தர் கையில். ஆகஸ்டில் அவர் ‘கவனக்குறைவுதான், மோசடி இல்லை’ என்று முடித்துவிட்டார்.

2016 ஜனவரியில் சுவீடனின் பொதுத் தொலைக்காட்சி மூன்று பாக ஆவணப்படம் ஒளிபரப்பிய பிறகுதான் எல்லாம் கவிழ்ந்தது. துணைவேந்தர் பிப்ரவரியில் விலகினார். மார்ச்சில் மக்கியாரினி நீக்கப்பட்டார். செப்டம்பரில் நிறுவனத்தின் ஆட்சிக்குழுவையே அரசு மாற்றியது.

மாற்றம் என்று நான் சொல்ல வருவது ஆட்கள் போனதை இல்லை. 2020 ஜனவரி 1 முதல் சுவீடனில் ஆய்வு மோசடிப் புகாரை அந்தந்தப் பல்கலைக்கழகமே தீர்த்துக்கொள்ள முடியாது. தனிச் சட்டத்தின்படி அமைத்த தேசிய வாரியத்துக்கு அனுப்பியாக வேண்டும். அதற்கு ஓராண்டு முன்னால், பல்கலைக்கழகங்களை ஒட்டி இயங்கிய வட்டார எத்திக்ஸ் குழுக்களையும் ஒரே தேசிய ஆணையத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். தன் பெயர் கெடும் என்று பயப்படுகிற இடத்திடமிருந்து தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை எடுத்துவிட்டார்கள். செம்பருத்தி கேட்ட நிறுவன மாற்றம் எனக்குத் தெரிந்து இதுதான்.

கரிசல்மண் எழுதியது:

செம்பருத்தி, நல்ல கேள்வி அம்மா. முப்பது வருடத்துக்கு மேல் வேதியியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். வடதுருவம் தம்பி எழுதியதைப் படித்ததும் மனசு கனத்துப்போனது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன்.

இது ஒரு தனி மனிதனின் பேராசை. அப்படிப்பட்டவன் எந்தச் சட்டம் இருந்தாலும் வழி கண்டுபிடிப்பான். எனக்குத் தெரிந்த நல்ல ஆய்வாளர்கள் எல்லாம் எந்த விதியும் வருவதற்கு முன்பே நேர்மையாக இருந்தவர்கள். என் கைடு, பிசகிய ஒரு அளவீட்டுக்காக மூன்று மாத வேலையைக் கீழே போடச் சொன்னார். அதை எந்தக் கமிட்டியும் சொல்லவில்லை. விதிகளைக் கூட்டிக்கொண்டே போனால் நேர்மையானவன் படிவம் நிரப்பிக்கொண்டிருப்பான், மற்றவன் தப்பித்துக்கொண்டிருப்பான்.

வடதுருவம் எழுதியது:

சார், உங்கள் கைடு போன்றவர்கள் இல்லாமல் எந்த விதியும் நிற்காது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கரோலின்ஸ்காவை ஒரு மனிதனின் கதையாக என்னால் பார்க்க முடியவில்லை.

2016இல் வந்த விசாரணை அறிக்கைகளைப் பாருங்கள். வேலைக்கு எடுக்கும் முன்பே அவரைப் பற்றி எதிர்மறையான பரிந்துரைகள் வந்திருந்தன, தலைமை அவற்றைப் பொருட்படுத்தவில்லை. 2013 கடைசியில் மருத்துவமனை அவருடைய ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் விட்டது. பக்கத்துக் கட்டடத்தில் இருந்த ஆய்வு நிறுவனமோ அவரைத் தொடர்ந்து வைத்துக்கொண்டது. வேலைக்கு எடுத்தவர்கள், புகழை விளம்பரமாக்கியவர்கள், அனுமதிக் காகிதம் எங்கே என்று கேட்காதவர்கள், கட்டுரையில் கூட்டாசிரியராகப் பெயர் போட்டவர்கள் என எண்ணிப் பார்த்தால் ஒரு பெரிய கூட்டமே வரும். அவர்களில் பெரும்பாலோர் தனிப்பட்ட முறையில் நல்லவர்கள்தான். நிறுத்து என்று சொல்வது யாருடைய வேலை என்பதுதான் யாருக்கும் தெளிவாக இல்லை.

நான்கு பேர் சொன்னார்கள். அவர்கள் பட்ட பாட்டை மேலே எழுதிவிட்டேன். இன்னொன்றும் உண்டு. 2018இல் நிறுவனம் மறுபடி விசாரித்தபோது, புகார் கொடுத்த நால்வரில் ஒருவரையே பழைய கூட்டுக் கட்டுரைக்காக மோசடி செய்தவர்கள் பட்டியலில் சேர்த்தார்கள். இதைப் பார்க்கிற இளம் மருத்துவர் அடுத்த முறை வாயைத் திறப்பாரா? மனசாட்சி இருந்தாலும் அதற்கு ஒரு பாதுகாப்பான வழி வேண்டும் சார்.

மக்கியாரினிக்கு ஸ்வேயா மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டரை ஆண்டு சிறை விதித்தது 2023 ஜூனில். முதல் அறுவைக்கும் தீர்ப்புக்கும் நடுவே 12 ஆண்டுகள்.

நெய்தல் எழுதியது:

நான் அறிவியல் படித்தவள் இல்லை. பள்ளியில் தமிழ் ஆசிரியராக இருந்தவள். ஒரு மருத்துவமனையின் எத்திக்ஸ் கமிட்டியில் பொதுமக்கள் பிரதிநிதியாக இருக்கிறேன். கரிசல்மண் ஐயா, விதி ஒன்றுக்கும் உதவாது என்பது போல எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதே ஒரு விதி மாறியதால்தான்.

2009இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டு ஒரு ஆய்வு நடந்தது. கம்மத்தில் பலர் பழங்குடிப் பிள்ளைகள், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். ஆந்திராவில் ஆராயப்பட்ட 9,543 சம்மதப் படிவங்களில் 2,763இல் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பெற்றோருக்குத் தகவலே போகாமல் பிள்ளையின் கையில் ஊசி. ஏழு சிறுமிகள் இறந்தார்கள். அந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணம் இல்லை என்றுதான் விசாரணைக் குழு சொன்னது. எனக்கும் அந்தத் தடுப்பூசி மேல் சந்தேகம் இல்லை, நம் பெண்களுக்கு அது கட்டாயம் தேவை. அதனால்தான் கோபம் இன்னும் அதிகம். நல்ல மருந்தையே மக்கள் சந்தேகப்படும்படி செய்துவிட்டார்கள். 2010 ஏப்ரலில் அரசு ஆய்வை நிறுத்தியது, 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாக அறிக்கை கொடுத்தது.

அதே காலத்தில் மருந்துச் சோதனைகள் பற்றி உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் நடந்தது. 2013 முதல் எத்திக்ஸ் கமிட்டிகள் பதிவு செய்தே ஆக வேண்டும், சோதனையால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுத்தே ஆக வேண்டும் என்று வந்தது. 2019இன் புதிய மருந்து, மருத்துவச் சோதனை விதிகளில் இன்னும் தெளிவாகிவிட்டது. கமிட்டியில் குறைந்தது ஏழு பேர், பாதிப்பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்கள், தலைவர் வெளியாள், ஒரு பெண், ஒரு சட்டம் தெரிந்தவர், என்னைப் போல ஒரு சாதாரண ஆள்.

முதல் கூட்டத்தில் எனக்குப் பேசவே தயக்கம். இப்போது ஒவ்வொரு சம்மதப் படிவத்தையும் சத்தமாகப் படிக்கிறேன். நடுவில் மூச்சு வாங்கினால் அந்த வாக்கியத்தை உடைக்கச் சொல்கிறேன். ‘இந்த அம்மாவுக்கு நடுராத்திரி காய்ச்சல் வந்தால் எந்த நம்பருக்குப் போன் பண்ணுவாங்க, யார் எடுப்பாங்க?’ என்று கேட்பேன். பதில் இல்லை என்றால் கோப்பு திரும்பிப் போகும். மருத்துவர்கள் எரிச்சல்படுவதும் உண்டு. தலைவர் வெளியாள் என்பதால் எனக்குத் துணை இருக்கிறது. அவரும் அந்த மருத்துவமனையில் சம்பளம் வாங்குபவர் என்றால் நான் ஒரு கூட்டத்துக்கு மேல் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன்.

மின்மினி எழுதியது:

நெய்தல் அக்கா, அந்த நடுராத்திரிக் கேள்வி அருமை. எங்கள் பக்கம் இயந்திரவியல், நோயாளிகள் கிடையாது. அதனாலேயே ‘நமக்கு எதற்கு நெறி’ என்ற நினைப்பு அதிகம். அதை மாற்றிய ஒரு சம்பவம் இங்கே இங்கிலாந்தில் உண்டு. யாரும் சாகாமல், கெட்டது நடக்கும் முன்பே நடந்த மாற்றம் என்பதால் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஸ்பைஸ் என்றொரு திட்டம். பிரிஸ்டல், கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு ஆட்கள். எரிமலை வெடித்தால் மேலே போகும் துகள்கள் சூரிய ஒளியைக் கொஞ்சம் திருப்பி அனுப்பிப் பூமியைக் குளிர்விக்கின்றன. அதையே செயற்கையாகச் செய்ய முடியுமா என்பது ஆய்வு. கடைசியில் 20 கிலோமீட்டர் உயரத்தில் பலூன் கட்டிக் குழாய் வழியே துகள் தெளிக்க வேண்டியிருக்கும். முதல் படியாக நார்ஃபோக்கில் கைவிடப்பட்ட ஒரு விமானத் தளத்தில் ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குப் பலூன் விட்டு, வெறும் தண்ணீரைத் தெளித்துப் பார்ப்பதாக இருந்தது. தண்ணீர்தானே, யாருக்கு என்ன ஆபத்து?

ஆனால் பணம் கொடுத்த ஆய்வு கவுன்சில் முழுப் பணத்தையும் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கவில்லை. நடுவில் ஒரு சோதனைச்சாவடி வைத்தது. 2011இல் வெளியாட்கள் அடங்கிய குழு ஐந்து கேள்விகள் கேட்டது. ஆபத்துகளைக் கண்டறிந்து சமாளிக்க வழி செய்தாயிற்றா? சட்டங்களுக்கு உட்பட்டதா? எதற்காகச் செய்கிறோம் என்று வெளிப்படையாகச் சொன்னாயிற்றா? பின்னால் இது எங்கே போய் முடியும் என்று யோசித்தாயிற்றா? மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டாயிற்றா? முதல் இரண்டில் தேறினார்கள். மற்ற மூன்றும் போதவில்லை. செப்டம்பரில் பலூன் தள்ளிப்போடப்பட்டது. அடுத்த மே மாதம் திட்டத் தலைவர் மாத்யூ வாட்சனே பலூன் சோதனையை ரத்து செய்துவிட்டார். திட்டத்தோடு தொடர்புள்ள சிலர் அந்தத் தொழில்நுட்பத்துக்குக் காப்புரிமை விண்ணப்பம் போட்டிருந்தது தெரிய வந்தது ஒரு காரணம். இப்படிப்பட்ட சோதனைகளை ஆள விதிமுறையே இல்லை என்பது இன்னொன்று. ஆய்வகத்திலும் கணினியிலும் செய்த வேலைகள் தொடர்ந்தன.

இந்த அனுபவத்திலிருந்து, முன்கூட்டி யோசி, உன்னையே கேள், மற்றவர்களோடு பேசு, அதன்படி திட்டத்தை மாற்று என்று நான்கு படிகள் கொண்ட முறையை அதே கவுன்சில் 2013இல் கொண்டுவந்தது.

அப்புறம் செம்பருத்தி, எது மாற வைத்தது என்று கேட்டீர்கள். பணம். 2005 முதல் இங்கே ஆராய்ச்சியில் பெண்களின் நிலைமைக்காக அதீனா ஸ்வான் என்ற சான்றிதழ் இருக்கிறது. 2011இல் அன்றைய தலைமை மருத்துவ அதிகாரி சாலி டேவிஸ், வெள்ளித் தரச் சான்று இல்லாத மருத்துவக் கல்லூரிக்குப் பெரிய ஆய்வு நிதி கிடைக்காது என்றார். அதுவரை மெதுவாக நகர்ந்த கல்லூரிகள் ஓட ஆரம்பித்தன. 2020இல் காகித வேலை அதிகம் என்று அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள், அது எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்தக் காகிதங்களை நிரப்பும் வேலை பெரும்பாலும் பெண்கள் தலையிலேயே விழுந்தது என்ற விமர்சனமும் உண்மை.

கரிசல்மண் எழுதியது:

மூவரும் எழுதியதைப் படித்தேன். வெளியாள் கையில் அதிகாரம் இருக்க வேண்டும் என்பது சரி. அதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மின்மினி சொன்ன கடைசி விஷயத்தில்தான் என் பயம் இருக்கிறது.

நம் ஊரில் நிறுவன மாற்றம் நடக்கவில்லை என்று யார் சொன்னது? நடந்தது. 2009இல் யூஜிசி, ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் ஒரு பேப்பராவது வெளியிட வேண்டும் என்றது. 2010இல் ஆசிரியர் பதவி உயர்வுக்கு மதிப்பெண் முறை வந்தது. பேப்பருக்கு இத்தனை, கருத்தரங்குக்கு இத்தனை. தரத்தை உயர்த்தத்தான் கொண்டுவந்தார்கள், நோக்கத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. சோதனைக்கூடமே இல்லாத கல்லூரியில் வாரம் பதினாறு மணி நேரம் வகுப்பெடுக்கிறவரிடமும் பேப்பர் கேட்டார்கள். அவர் எங்கே போவார்? பணம் கட்டினால் ஒரு வாரத்தில் அச்சிடும் ஜர்னல்கள் முளைத்தன. அப்புறம் அவற்றைக் களையெடுக்க 2017இல் யூஜிசி ஏற்கும் ஜர்னல்களின் ஒரு பட்டியல். அந்தப் பட்டியலிலிருந்தே 2018 மே மாதம் 4,305 ஜர்னல்களை நீக்க வேண்டி வந்தது. பிறகு அதற்குப் பதிலாக ‘கேர்’ என்ற இன்னொரு ஜர்னல் பட்டியல். 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டார்கள். கட்டாய வெளியீட்டு விதியையே 2022 நவம்பரில் எடுத்தாகிவிட்டது. பல பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் இன்னும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

ஒரு விதி ஏற்படுத்திய நோய்க்கு மருந்தாக இன்னொரு விதி. நடுவில் ஒரு தலைமுறை மாணவர்கள் எண்ணிக்கைக்காக எழுதப் பழகிவிட்டார்கள். ஆய்வு நெறிக்கும் நாளைக்கு மதிப்பெண் போட்டால் அதற்கும் சான்றிதழ் விற்க ஒரு கடை திறக்கும். அதனால்தான் விதி என்றாலே எனக்கு நடுக்கம்.

வடதுருவம் எழுதியது:

சார், இது நான் யோசிக்காத கோணம். நீங்கள் சொன்ன விதிகள் எல்லாம் எண்ணுகிற விதிகள். நெய்தல் அக்காவும் மின்மினியும் சொன்னவை கேட்கிற விதிகள். எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்து கேட்கிறார், பதில் சொல்ல வேண்டும். அந்த ஆள் உங்களுக்குக் கட்டுப்பட்டவர் இல்லை. இதைக் கடையில் வாங்குவது கஷ்டம்.

எண்ணுவதைக் குறைக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டரை (அதில் வரும் கட்டுரைகளை மற்றவர்கள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற எண்) வைத்து ஆளை எடை போடாதே என்ற சான்ஃபிரான்சிஸ்கோ பிரகடனம் 2012 டிசம்பரில் நடந்த கூட்டத்தில் தொடங்கியது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் வேலைக்கு எடுப்பதிலும் பதவி உயர்விலும் இம்பாக்ட் ஃபேக்டரைக் கைவிடுவதாக 2021இல் அறிவித்தது. கற்பித்தல், குழுவாக வேலை செய்தது, தரவைத் திறந்து வைத்தது ஆகியவற்றையும் பார்க்கிறார்கள். ‘அப்படியானால் எங்கள் இளைஞர்களுக்கு வெளிநாட்டில் யார் வேலை கொடுப்பார்கள்’ என்று அந்த நாட்டுப் பேராசிரியர்கள் பலர் எதிர்த்தும் எழுதினார்கள். அந்தக் கவலையும் நியாயம்தான்.

சுவீடன் வாரியத்திலும் ஓட்டை உண்டு. தரவைப் புனைவது, திரிப்பது, திருடுவது, அதுவும் வேண்டுமென்றே அல்லது கடும் அலட்சியத்தால் செய்தது மட்டும்தான் அங்கே போகும். தகுதியில்லாதவரின் பெயரைக் கட்டுரையில் சேர்ப்பது, மாணவரின் வேலையைக் கைடு அமுக்குவது போன்றவை இன்னும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் கையில்தான். மாணவர்களுக்கு அன்றாடம் நடப்பது இரண்டாவது வகைதான்.

செம்பருத்தி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கடைசி வரியைப் படித்ததும் என் கேள்விக்கே திரும்பிவிட்டேன். நான் துணைவேந்தர் இல்லை, சட்டம் போட முடியாது. ஒரு துறை அளவில், பணமே இல்லாமல், என்ன மாற்றலாம்?

நெய்தல் எழுதியது:

நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன் கண்ணு. மாணவர் புகாரைக் கேட்கும் ஆள் உங்கள் துறைக்கு வெளியே இருக்கட்டும். துறைத்தலைவரே கைடாகவும் இருந்து, அவரே புகாரையும் விசாரித்தால் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் யாரும் போக மாட்டார்கள்.

மின்மினி எழுதியது:

வேலை தொடங்கும் முன்பே யார் பெயர் கட்டுரையில் வரும், எந்த வரிசையில், எதற்காக என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். நடுவில் ஆட்கள் மாறினால் திருத்திக்கொள்ளலாம். எங்கள் குழுவில் இதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை, பிறகு வந்த பல மனஸ்தாபங்களை இது தவிர்த்தது. அதோடு மூலத் தரவு கைடின் லேப்டாப்பில் மட்டும் இருக்கக்கூடாது. துறையின் சர்வரில் ஒரு பிரதி, தேதியோடு.

கரிசல்மண் எழுதியது:

பதவி உயர்வு, வேலை நேர்காணல் எதுவாக இருந்தாலும் ‘உங்கள் சிறந்த மூன்று பேப்பரைக் கொண்டு வாருங்கள், அதைப் பற்றிப் பேசுவோம்’ என்று கேட்கச் சொல்லுங்கள். எண்ணிக்கையைச் சொல்ல அனுமதிக்காதீர்கள். நான் தேர்வுக் குழுவில் இருந்த இடங்களில் இதை வற்புறுத்தியிருக்கிறேன். நாற்பது பேப்பர் வைத்திருந்தவர் ஒரு பேப்பரின் வரைபடத்தை விளக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். நான்கே பேப்பர் வைத்திருந்த ஒரு பெண் ஒரு மணி நேரம் எங்களோடு வாதாடினாள். அவளுக்குத்தான் வேலை கிடைத்தது. இது விதிதான், வடதுருவம் தம்பி, நீங்கள் சொன்ன கேட்கிற விதி.

செம்பருத்தி எழுதியது:

எங்கள் துறையின் ஆய்வுக் குழு அடுத்த மாதம் கூடுகிறது, மாணவர் பிரதிநிதியாக எனக்கும் இடம் உண்டு. கையெழுத்துப் பக்கத்தையும் துறை சர்வரையும் முதலில் வைக்கப் போகிறேன். அவற்றுக்கு யாரும் பெரிதாக மறுப்புச் சொல்ல மாட்டார்கள். வெளி ஆளிடம் புகார் என்பதற்குத்தான் எதிர்ப்பு வரும். அதைத் தனியாக நான் கேட்டால் எடுபடாது, மற்ற மூன்று துறைப் பிரதிநிதிகளிடம் பேசிச் சேர்ந்து எழுத்தில் கொடுக்கப் பார்க்கிறேன். மின்மினி, உங்கள் குழுவின் அந்த ஒரு பக்கப் படிவத்தின் வடிவத்தை, பெயர்களை எடுத்துவிட்டு, இங்கே போட முடியுமா?

மின்மினி எழுதியது:

இன்று இரவு போடுகிறேன். தமிழிலேயே தட்டச்சு செய்து தருகிறேன், ஆய்வகத் தொழில்நுட்பராக வேலை செய்பவர்களும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம். அவர்கள் பெயரும் அந்தப் பட்டியலில் வர வேண்டியதுதான்.